ரெண்டு தௌவுக்கு அஞ்சு தடவை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு பைக் எஞ்சினின் கிராங்க் கேஸை, அதாவது கிராங்க் தண்டு சுற்றும் கூட்டை, மூடினேன். இன்னும் விரல் நுனியெல்லாம் எரிகிறது. வண்டி பி.எஸ்.ஏ. ஏ65 தண்டர்போல்ட், 1968 மாடல். நான் இருப்பது பர்மிங்காம், இந்த எஞ்சினைச் செய்த ஆலை இருந்த ஸ்மால் ஹீத் பக்கத்திலேயேதான் இருக்கிறது. ஒரு பாகத்துக்கு அங்கே போய் நிற்கத்தான் இன்று வழியில்லை.

பிரித்தது, கழுவியது, கிராங்க் கிரைண்டிங், கிராங்கின் ஒரு முனையைத் தாங்கும் டைமிங் பக்கத்து புஷ்ஷை லைன் போரிங் செய்தது எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது எண்ட் பிளே. கிராங்க் இடம் வலமாக எவ்வளவு நகரலாம் என்பதற்கு மேனுவல் கொடுக்கும் அளவு ஒன்றரையிலிருந்து மூன்று தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நகர்வை முள்ளால் காட்டும் என் டயல் கேஜோ மில்லிமீட்டர். 0.038-லிருந்து 0.076 என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டேன். கேஜில் ஒரு கோடு 0.01; நாலு கோட்டுக்கும் ஏழரைக் கோட்டுக்கும் நடுவில் முள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் அசட்டுத்தனம்: டயல் கேஜின் காந்த ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு கேஸின் மேல் வைக்கப் போனேன். அலுமினியத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? செயின் கேஸ் ஸ்க்ரூ ஓட்டையில் ஒரு இரும்புப் பட்டையை முடுக்கி, அதன் மேல் ஸ்டாண்டை உட்கார வைத்தேன். ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையத் தகடு) எதுவும் போடாமல், பசை தடவாமல், கேஸைப் பூட்டி கிராங்கை இழுத்துத் தள்ளினால் 0.30. (நேராக இழுக்க வேண்டும். நெம்பினால் புஷ்ஷில் உள்ள ஆட்டமும் சேர்ந்து முள் பொய் சொல்லும்.) மறுமுனையில், டிரைவ் பக்கத்து ரோலர் பேரிங்கின் உள் ரேஸுக்கும் (கிராங்கின் மேல் ஏறும் உள் வளையம்) கிராங்குக்கும் நடுவில் பத்து தௌ ஷிம் போட்டால் 0.05-க்கு வந்துவிடும். கணக்கு சுலபம்.

ஷிம்முக்காக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து பழைய பாகச் சந்தைக்கு ஓடினேன். பாக்கெட்டில் பத்து என்று போட்டிருந்தது. போட்டு, ரேஸைச் சூடுபண்ணி இறக்கி, கேஸைப் பூட்டினால் 0.10! மறுபடி பிரித்து, தடிமன் பார்க்க மைக்ரோமீட்டர் வைத்தால் ஷிம் எட்டு தௌதான். அடுத்த சந்தைக்கு எடுத்துப்போனால், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். ஷிம் வாங்கப் போகும்போது மைக்ரோமீட்டரைச் சட்டைப் பையிலேயே கொண்டு போங்கள்.

அந்த உள் ரேஸைக் கழற்றுவது தனிக் கொடுமை. பிடித்து இழுத்துக் கழற்றும் புல்லரின் நகம் நுழைய இடமே கிடையாது. ரெண்டு முறை நழுவி விரல் முட்டியில் அடித்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. பழைய பேரிங்கின் உள் ரேஸை எடுத்து, துளையை எமரியால் தேய்த்து, கையால் போட்டுக் கழற்றும் அளவுக்கு லூசாக்கினேன். அகலம் புது ரேஸோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் அளந்துகொள்ள வேண்டும். ஷிம் மாற்ற அதன் பிறகு புல்லரே தேவைப்படவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் முட்டி பிழைத்திருக்கும்.

அஞ்சு தௌ ஷிம் ரெண்டு போட்டதும் முள் சரியாக 0.05-ல் நின்றது. சந்தோஷத்தில் மாமாவுக்கு போன் போட்டேன். கோயம்புத்தூரில் நாற்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவர்.

"வெளி ரேஸ் அடி வரைக்கும் உக்காந்திருக்கா மாப்ளே?"

"உக்காந்துதானுங்க மாமா இருக்கு."

"பாத்தியா, நெனச்சுக்கிட்டயா?"

வெளி ரேஸ் என்பது கேஸில் இறங்கி உட்காரும் பேரிங்கின் வெளி வளையம். ஆழம் அளக்கும் டெப்த் கேஜை அதன் மேல் மூன்று இடத்தில் வைத்தேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கேஸ் போதுமான சூடு ஏறும் முன்பே ரேஸை இறக்கியிருக்கிறேன். வெளி ரேஸ் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் ஆட்டம் குறைவாகத்தான் காட்டும். வண்டி ஓடும்போது அது தானாக உட்கார்ந்திருந்தால் என் 0.05 எங்கே போயிருக்கும்!

கேஸை மறுபடி சமையலறை ஓவனில் வைத்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். தோசைக்கல்லில் செய்வதுபோல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன்; சுரீர் என்று துள்ளி ஓடியது. மரக்கட்டையை வைத்து ஒரே தட்டு. டக். அந்தச் சத்தம் அதற்கு முன் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆறிய பிறகு அளந்தால் 0.13. இன்னொரு மூன்று தௌ ஷிம், இந்த முறை அளந்து வாங்கியது. அஞ்சாவது முறை பூட்டியபோது முள் அஞ்சு கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பத்து முறை இழுத்துத் தள்ளினேன், அதே இடம்தான். ஒற்றை விரலால் கிராங்க் சுற்றியது.

மாமாவிடம் சொன்னேன். "சரி, ஒதச்சுப் பாத்தியா?" என்றார். கார்புரேட்டர் இன்னும் வந்து சேரவில்லை.