திரைக்கு இந்தப் பக்கம்: யோக்யகர்த்தாவில் ஐந்து நாள்

விண்ணப்பத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. எட்டுக்கு ஒரே இரவில் பதில் எழுதிவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. "நீங்கள் இல்லாத ஒரு வாரத்தில் உங்கள் குழுவில் என்ன நடக்கும்?"

தோல்பாவைக் கூத்து நடத்தும் சிறு குழு ஒன்றுக்கு நான் பொறுப்பாளர். கூத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கற்ற கலை. என்னோடு ஆறு பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்குப் போய் நிகழ்ச்சி நடத்துகிறோம். கதை எழுதுவது, பாவைகளுக்குக் குரல் கொடுப்பது, தலைமையாசிரியர்களிடம் பேசுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான்தான். எனவே உண்மையான பதில் ஒரே வரிதான்: "ஒன்றும் நடக்காது. நிகழ்ச்சிகளைத் தள்ளிவைப்போம்." தலைமைப் பண்பு பற்றிய ஒரு சந்திப்புக்கு இப்படி எழுதினால் யார் தேர்வு செய்வார்கள்? பூசி மெழுகி நான்கு பத்தி எழுதிப் பார்த்தேன். எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. கடைசி நாளில் அந்த ஒரு வரியையே அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து அழைப்பு வந்தது. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில், கலைக்குழுக்களை நடத்தும் ஆசியப் பெண்களின் ஐந்து நாள் சந்திப்பு. தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. விமானச் செலவில் பாதி தருவார்கள்.

இதே வழியில் போக நினைக்கும் பெண்களுக்காகக் காகித வேலைகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் பெயர். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. அழைப்புக் கடிதத்திலோ அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நின்றது. டிக்கெட் எடுக்கும் இணையதளம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவே இல்லை. மூன்று தாளில் மூன்று பெண்களாக இருந்தேன். விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, என் பெயரையே இரண்டு இடத்திலும் எழுதச் சொன்னார்கள். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். அழைப்புக் கடிதத்தையும் கடவுச்சீட்டில் உள்ளபடி மாற்றித் தரச் சொல்லி வாங்கினேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர்கள் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள்.

விசா அவ்வளவு கடினமாக இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வந்திறங்கும்போதே விசா உண்டு. இணையத்தில் முன்கூட்டியும் எடுக்கலாம். கட்டணம் 500,000 ரூபியா, 30 நாள் தங்கலாம், ஒரு முறை நீட்டிக்கலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கூட்டத்தில் கலந்துகொள்ள அந்த விசா போதும். மேடையேறி ஊதியம் வாங்க அது போதாது. எனக்கு ஊதியம் எதுவும் இல்லை என்பதை அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்.

கையோடு இரண்டு பாவைகளைக் கொண்டுபோனேன், ஒரு பழைய மானும் ஒரு காகமும். ஆட்டுத்தோல் என்பதால் சுங்க அறிவிப்புப் படிவத்தில் குறித்திருந்தேன். விமான நிலைய அதிகாரி உறையைப் பிரிக்கச் சொன்னார். மானை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "வாயாங்!" என்றார். ஜாவாவின் நிழற்பாவைக் கூத்துக்கு வாயாங் கூலித் என்று பெயர். பாவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, துளைகளின் வழியே பார்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

விமான நிலையம் ஊருக்கு மேற்கே வெகு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் நகரின் நடுவே இறங்கிவிடலாம். ஊர்க்காரர்கள் ஊரை ஜோக்ஜா என்றுதான் சொல்கிறார்கள்.

சந்திப்பு நடந்த இடம் பெண்டோப்போ எனப்படும் மண்டபம். மரத்தூண்கள், உயர்ந்த கூரை, நான்கு பக்கமும் சுவர் கிடையாது. மண்டபம் என்ற சொல்தான் அங்கே போய் அப்படித் திரிந்திருக்கிறது. மேடை இல்லை, நாற்காலி இல்லை. பாயில் உட்கார்ந்தோம். வயதில் மூத்த பெண்களை "இபு" என்றும் இளையவர்களை "ம்பாக்" என்றும் அழைக்கிறார்கள்; அம்மா, அக்கா என்பது போல. முதல் நாள் மதியத்துக்குள் நான் எல்லோருக்கும் இபு ஆகிவிட்டேன்.

ஒரு தூணுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கயிறு கட்டி, அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் எழுதிய பதில்களைப் பெயர் இல்லாமல் தொங்கவிட்டிருந்தார்கள். என் வரி தூரத்திலிருந்தே தெரிந்தது, அவ்வளவு சிறியது. பக்கத்திலேயே வேறு யாரோ எழுதியது: "நான் போனால் மின்கட்டணம் கட்ட ஆள் இல்லை." இன்னொன்று: "என் மகள் பார்த்துக்கொள்வாள், அவளுக்குப் பதினொரு வயது." பாதிக்கு மேல் இதே கதைதான். யாரும் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஐந்து நாளும் அந்தக் கயிறு அங்கேயே இருந்தது, காற்றில் தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் காமெலான். வெண்கல இசைக்கருவிகளின் பெரும் குழு அது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும், எந்தக் கருவியையும் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிடும் நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு சாரோன் என்ற கருவியைத் தந்தார்கள். வெண்கலப் பட்டைகளை வலக்கைச் சுத்தியால் அடிக்க வேண்டும். அடுத்த ஒலி எழும் அதே கணத்தில் முந்தைய பட்டையை இடக்கை விரலால் பிடித்து அடக்க வேண்டும். அடிப்பது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அடக்குவது மதியம் வரை வரவில்லை.

குழுவை நடத்துவது யார் என்று தேடினேன். முன்னால் நின்று கைகாட்டுபவர் யாரும் இல்லை. மற்றவர்களின் நடுவே உட்கார்ந்து கெண்டாங் என்ற மத்தளத்தை வாசிப்பவர்தான் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், முடிக்கச் சொல்கிறார். அவரைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். சத்தமாக வாசித்தால் அவர் குரல் காதில் விழாது, ஆகவே எல்லோரும் தங்கள் ஒலியைக் குறைக்கிறார்கள். அன்று எங்களுக்குக் கெண்டாங் வாசித்தது இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். நடுவில் எங்கள் தாளம் சிதறியபோது அவள் கத்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நாங்கள் வந்து சேரும்வரை அதே நடையை மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தாள். பயிற்சியில் என் பெண்கள் ஒரு வரியைத் தவறவிட்டால் நான் விளக்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த நினைப்பு அன்று மாலை முழுவதும் என்னை விடவில்லை.

இரவு சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில் வாயாங் பார்த்தோம். அங்கே இரண்டு மணி நேரச் சுருக்க நிகழ்ச்சிதான். ஊர்களில் நடக்கும்போது இரவு தொடங்கி விடியும்வரை போகும். டாலாங் எனப்படும் கூத்தர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி எல்லாக் குரல்களையும் பேசுகிறார். நம் பாவை ஆட்டுத்தோல், அவர்களுடையது எருமைத்தோல். பாவைகளை வாழைத்தண்டில் குத்தி நிறுத்துகிறார்கள். எனக்குப் பெரிய வியப்பு, பார்வையாளர்கள் திரைக்கு இரண்டு பக்கமும் உட்காரலாம் என்பது. ஒரு பக்கம் நிழல். மறுபக்கம் டாலாங், வண்ணப் பாவைகள், வாத்தியக்காரர்கள், பாடும் பெண்கள். ஜாவாவில் பலர் டாலாங்கின் பக்கத்தையே விரும்புகிறார்கள். நானும் பழக்கத்தில் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தேன். திரைக்கு இந்தோனேசிய மொழியில் "திராய்" என்றொரு சொல் உண்டு, நம் திரைதான்.

அன்றைய கதையில் ஸ்ரீகண்டி வந்தாள். நம் சிகண்டி! ஜாவாவில் அவள் அர்ஜுனனின் மனைவி, வில்லில் தேர்ந்த வீராங்கனை. நம் ஊரில் சிகண்டி என்ற பெயரை வசைச்சொல்லாகவே கேட்டு வளர்ந்தேன் என்று பக்கத்திலிருந்த ஜாவாப் பெண்ணிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி வென்று இந்தோனேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தது மூன்று பெண்கள். அவர்களை நாடே ஸ்ரீகண்டிகள் என்று கொண்டாடியது என்றாள். ஒரே கதை, கடல் தாண்டியதும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறது. இதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குழுவில் சிகண்டிக்குப் பாவையே கிடையாது. செய்ய வேண்டும்.

அவளே இன்னொன்றும் சொன்னாள். பழைய நாளில் டாலாங்கின் மனைவிதான் கெந்தேர் என்ற கருவியை வாசிப்பாராம். கணவர் எந்தச் சொல்லில் மூச்சு விடுவார், எந்தக் காட்சியைச் சுருக்குவார் என்று தெரிந்து கூடவே போகிறவர். பெயர் டாலாங்குக்கு. இப்போது பெண் டாலாங்குகளும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பெரும்பாலும் உரைகள், நிதி விண்ணப்பம் எழுதும் பயிற்சி. பயனுள்ளவைதான், விவரிக்க அதிகம் இல்லை. மாலையில் தாலெம் ஜோயோதிபுரான் என்ற பழைய மாளிகையைப் பார்க்கப் போனோம். 1928 டிசம்பர் 22 முதல் 25 வரை இந்தோனேசியப் பெண்களின் முதல் மாநாடு இங்கேதான் கூடியது. ஏறத்தாழ முப்பது அமைப்புகள் வந்தன. நாடு டச்சுக்காரர்களின் பிடியில் இருந்த காலம். பெண் கல்வி, குழந்தைத் திருமணம், திருமணத்தில் பெண்ணின் உரிமை பற்றியெல்லாம் பேசினார்கள். அந்த டிசம்பர் 22 இன்று அந்நாட்டில் அன்னையர் நாள். தூண்களுக்கிடையே நின்றபோது, மாநாட்டுக்கு வந்தவர்களின் வீட்டில் அந்த நான்கு நாளும் யார் சமைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. இளம் பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவைத்த குடேக் இந்த ஊரின் பெருமை. குழம்பு இனிப்பாக இருந்தது, முதல் நாள் நாக்கு தடுமாறியது, மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன். சைவம் சாப்பிடுபவர்கள் கூடவே வரும் கிரேச்செக் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், அது மாட்டுத்தோல். காலையில் புட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்துவரும் பெண்ணிடம் ஜாமு வாங்கிக் குடித்தோம். மஞ்சளும் புளியும் கலந்தது. ஒரு மடக்கில் பாட்டி வீட்டுக்குப் போய்வந்தேன்.

நான்காம் நாள்தான் நான் பயந்துகொண்டிருந்த நாள். புறப்படும் முன் எல்லா நிகழ்ச்சிகளையும் தள்ளிவைத்திருந்தேன். ஒரு பள்ளி மட்டும் ஆண்டுவிழா, தேதி மாற்ற முடியாது என்றது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது குழுவில் இளையவள், "நாங்கள் செய்கிறோம் அக்கா" என்றாள். பதினான்கு குறிப்புகள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நிகழ்ச்சி காலை பத்தரைக்கு. யோக்யகர்த்தா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், அங்கே அப்போது பகல் பன்னிரண்டு.

அந்நேரம் நாங்கள் நகருக்குத் தெற்கே, இமோகிரி அரச கல்லறைகளுக்கு அருகே, கிரிலோயோ என்ற ஊரில் இருந்தோம். துணியில் மெழுகால் கையாலேயே கோடு வரைந்து சாயமிடும் பாத்திக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர். தலைமுறைகளாக இவ்வூர்ப் பெண்கள் நகரத்து வியாபாரிகளுக்காகத் துணியில் மெழுகுக் கோடு மட்டும் வரைந்து கொடுத்துக் கூலி வாங்கினார்கள். சாயமும் விற்பனையும் வேறு கைகளில் இருந்தன. 2006 மே 27 விடியற்காலை நிலநடுக்கம். இந்தப் பகுதியில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் மண்ணாயின. மீட்புப் பணிக்கு வந்தவர்களின் உதவியோடு பெண்கள் குழுக்களாகக் கூடிச் சாயமிடுவதைக் கற்றார்கள், முழுத் துணியையும் தாங்களே முடித்துத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். எங்களுக்குக் கற்றுத்தந்த இபு இதைச் சொல்லும்போது "மோடால்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மொழிபெயர்ப்பவர் விளக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. முதல்! நாம் போடும் முதல். அந்தச் சொல்லும் தமிழிலிருந்து போனதுதான்.

சாந்திங் என்பது செப்பு மூக்கு வைத்த சிறு எழுதுகோல். உருகிய மெழுகை மொண்டு, மூக்கை ஊதி அடைப்பை நீக்கி, துணியில் இழுக்க வேண்டும். மெழுகு ஆறினால் துணிக்குள் இறங்காது, கோடு உடைந்துவிடும். நான் ஒரு வளைவின் பாதியில் இருந்தபோது பையில் தொலைபேசி அதிர்ந்தது. கை தானாக நின்றது. இபு என் மணிக்கட்டைத் தொட்டு, கோட்டைக் காட்டினார். முடித்தேன். அடுத்ததற்கு மெழுகு மொண்டேன். தொலைபேசி மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது. பூ முழுதும் முடிந்த பிறகுதான் எழுந்து போய்ப் பேசினேன்.

"முடிந்துவிட்டது அக்கா. காகத்தின் பாவை உங்களிடம் இருக்கிறது அல்லவா, அதனால் கதையில் காகத்தை ஆந்தையாக்கிவிட்டோம்."

பதினான்கு குறிப்புகளில் இது இல்லை. காகத்தைப் பெட்டியில் எடுத்து வைத்ததே நான்தான்.

திரும்பி வந்த மறுநாள் அந்த நிகழ்ச்சியை எனக்காக நடத்திக் காட்டச் சொன்னேன். திரைக்குப் பின்னால் எனக்கு வேலை எதுவும் இல்லை. எதிரே வந்து தரையில் உட்கார்ந்தேன். எட்டு ஆண்டில் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் முறை. ஆந்தைக்கு அவள் கொடுத்திருந்த குரல் தாழ்ந்து, நிதானமாக, என் காகத்தைவிட நன்றாக இருந்தது. புதிய மான் நடந்து வந்தபோது அதன் பின்னங்கால் நிழல் திரையின் கீழ்விளிம்பில் மறைந்துபோவதைக் கவனித்தேன். இத்தனை ஆண்டும் பிள்ளைகள் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். விளக்கை ஒரு சாண் இறக்கச் சொன்னேன்.

"அங்கேயே இருங்கள் அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்போது தெரிகிறதா, சொல்லுங்கள்."