எஸ்டீம் எஞ்சினுக்கு முதலில் ராடா, பிஸ்டனா?

ரேஸுக்கோ டிராக் டேவுக்கோ எஞ்சின் கட்ட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எச்-பீம் ராடைத்தான், அதாவது பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டில் 'H' வடிவ வெட்டு கொண்டதை. பார்க்க அம்சமாக இருக்கும், ஃபோட்டோவுக்கும் நன்றாக வரும். "எச்-பீம் போட்டா எட்டாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் போலாங்களாண்ணா?" என்று கோவைப் பையன்கள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எட்டாயிரத்தில் உன் ஹெட்டும், வால்வைத் திறக்கும் கேமும் காற்றை இழுக்குமா? இழுக்காது என்றால் ராடுக்குப் போடும் காசு வீண்.

பழைய மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பக்கம் போய் வருகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5, ராடின் நீளம் 120. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேல்முனையைத் தொட்டுத் திரும்பும்போது ராடை ஏறக்குறைய 600 கிலோ விசையோடு இழுக்கிறது. 7,500-க்குப் போனால் அது 900-ஐத் தாண்டிவிடும். வேகம் கால் பங்குதான் கூடியது, இழுப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது.

இந்த இழுப்பு மோசமாக இருப்பது, புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் இடத்தில். எதிர்த்து அமுக்க எரியும் வாயுவின் அழுத்தம் அங்கே கிடையாது. ராடு கிராங்கைக் கவ்வும் பிக் எண்டில், கேப் என்ற கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு போல்ட்தான் முழுவதையும் தாங்கவேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் ராடு போவது பெரும்பாலும் அந்த போல்ட்டில் ஆரம்பிப்பதுதான். அதனால் எச்-பீமா ஐ-பீமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. 4340 என்ற உறுதியான அலாய் ஸ்டீலில் ஒழுங்காகச் செய்தால் இரண்டும் தாங்கும். எந்த போல்ட் வருகிறது, இறுக்கும்போது அது எவ்வளவு நீள்கிறது என்று ஸ்ட்ரெட்ச் கேஜில் பார்த்தீர்களா, நான்கு ராடும் ஒரே எடையா, இதெல்லாம்தான் கேள்வி. டப்பாவில் 'மேட்ச்டு செட்' என்று அச்சடித்திருந்தாலும் தராசில் வைக்காமல் நான் மாட்டுவதில்லை.

நீளமான ராடு போட்டால் நல்லது என்று இன்னொரு வாதம் உண்டு. 120-க்குப் பதில் 123 மி.மீ. போட்டுக் கணக்குப் பாருங்கள்: மேல்முனை இழுப்பில் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது. பிஸ்டனில் 30 கிராம் குறைத்தால் பத்து சதவீதம், அதாவது 7,500-ல் 90 கிலோ குறையும். ஆகவே என் ஓட்டு பிஸ்டனுக்கு.

ஆனால் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் என்றாலே எடை குறைவு என்று நம்பிவிடக்கூடாது. பின்னோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள், சிலது பழைய வார்ப்பு பிஸ்டனைவிடக் கனமாகவே இருக்கும். உலோகத்தையும் கேட்டு வாங்குங்கள். 2618, 4032 என்று இரண்டு அலுமினியக் கலவைகள் உண்டு. 2618-ல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. டெட்டனேஷன் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) அடித்தாலும் சட்டென்று விரிசல் விடாது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சிலிண்டர் சுவரோடு இடைவெளி தாராளமாக விடவேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம் கேட்கும். 4032-ல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். குறைவாக விரியும், இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம், சத்தம் இருக்காது. ஆபீஸுக்கும் ஓட்டி, மாதம் ஒருமுறை டிராக்குக்கும் போகிற காருக்கு 4032 போதும். டர்போ மாட்டுகிற ஆள் என்றால் பேச்சே இல்லை, 2618.

கம்ப்ரஷனில்தான், அதாவது உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பதில்தான், ஆசை அதிகம். ஒரு சிலிண்டர் கொள்ளளவு 325 சிசி. 9.5-லிருந்து 11-க்கு ஏற்ற, மேலே மிஞ்சும் 38 சிசி இடம் 32.5 ஆகவேண்டும். முழுவதையும் ஹெட்டை அரைத்தே எடுக்கப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகும். கேமுக்கும் கிராங்குக்கும் தூரம் குறைந்து டைமிங்கும் தள்ளிப்போகும். எல்லாவற்றையும் பிஸ்டன் தலையில் மேடாக ஏற்றினாலோ எடை கூடும், தீ பரவ அந்த மேடே குறுக்கே நிற்கும். கொஞ்சம் அரைத்து, கொஞ்சம் மேடு வைப்பது என் வழக்கம். வால்வு இடிக்கிறதா என்று பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் மேல் அப்பிச் சுற்றிப் பார்த்துவிடுவேன். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5-க்குக் குறைந்தால் மனசு ஒப்பாது. இவ்வளவும் செய்துவிட்டு பங்கில் சாதா பெட்ரோல் போடுவேன் என்றால் 11-ஐ மறந்துவிடுங்கள்.

கடைசியாக போரிங், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. பிஸ்டன் கையில் வந்த பிறகே பிளாக்கை அனுப்புங்கள். நான்கையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று குறித்து, அதற்கேற்ப ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது) செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஹெட்டை இறுக்கினால் சிலிண்டர் கோணும் என்று, ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடான டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் செய்கிறவர்தான் அபூர்வம். அப்படி ஒருவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.