குளூட்டனும் கூடாது, மாவுச்சத்தும் கூடாது: ஒன்றரை வருஷமாக நான் படும் பாடு

எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு, சீலியாக் நோயும் உண்டு, அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய். இரண்டு தாள்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்று சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் கொடுத்தது. அரிசி, உருளைக்கிழங்கு, சோள மாவு வேண்டாம், முழுக்கோதுமை பிரெட், ஓட்ஸ், பார்லி அளவோடு சேர்க்கலாம் என்று இருக்கும். இன்னொன்று குடல் டாக்டர் அனுப்பிய உணவு ஆலோசகர் கொடுத்தது. அதில் கோதுமை, பார்லி, ரை அறவே கூடாது, அரிசி, உருளைக்கிழங்கு, சோளம் தாராளமாகச் சாப்பிடலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது அனுமதிப்பதை அது அடிக்கிறது, அது அனுமதிப்பதை இது அடிக்கிறது. ஆலோசகரிடமே இரண்டையும் நீட்டினேன். "எங்களோடது குடல் சம்பந்தப்பட்டது மட்டும்தான் மேடம், மத்ததை சர்க்கரை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றார். அங்கே போனால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் நான் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வரிசையில் நிறையப் பேர் போகிறார்கள். சர்க்கரை வந்ததும் லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு, ஆரம்பித்தேன். பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் ஒரே நாளில் நின்றன. மூன்று மாதம் கழித்து, இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ரிசல்ட் நெகட்டிவ். சந்தோஷமாக ஃபைலில் போட்டுவிட்டேன். அந்தப் பரிசோதனை தேடுவது குளூட்டன் சாப்பிடும்போது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான். சாப்பிடுவதையே நிறுத்தி மாதக்கணக்கில் ஆனவளுக்கு அது இறங்கித்தான் இருக்கும். ரத்தம் எடுத்த இடத்திலோ எழுதிக்கொடுத்த இடத்திலோ ஒருவர்கூட "இப்ப கோதுமை சாப்பிடுறீங்களா?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தெரியாது.

அடுத்த டாக்டர்தான் கேட்டார். பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் என்ன, ஆறு வாரம் தினமும் இரண்டு துண்டு பிரெட் சாப்பிட்டுவிட்டு மறுபடி வரச் சொன்னார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட பிரெட்டை, மருந்து மாதிரி சாப்பிட வேண்டியதாயிற்று. சர்க்கரை எகிறியது, வயிறு பலூன் மாதிரி உப்பியது, இரண்டாவது வாரமே நிறுத்திவிடலாமா என்றிருந்தது. இந்த முறை பாசிட்டிவ், எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்ததும் உறுதியானது. ஆகவே யாராவது லோ கார்ப் தொடங்கப் போகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது சீலியாக் இருக்கிறது, அல்லது காரணம் தெரியாத ரத்தசோகை இருக்கிறது என்றால், பிரெட்டை விடும் முன் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. நான் போட்டுக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. மாவுச்சத்தைக் குறைத்த நான் மாத்திரையைக் குறைக்கவில்லை. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மீட்டரில் பார்த்தால் 58. அந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் அளவை மாற்றாமல் லோ கார்ப் பக்கமே போகாதீர்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை என்றால் இன்னும் கவனம், மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை, வரக்கூடும்.

சரி, இரண்டும் உறுதியான பிறகு குளூட்டன் இல்லாத பிரெட் வாங்கினேன். இரண்டு துண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 214. பாக்கெட்டைத் திருப்பினால் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சோள ஸ்டார்ச். கோதுமையை எடுத்த இடத்தில் சுத்தமான மாவுச்சத்தை நிரப்பியிருக்கிறார்கள், நார்ச்சத்தும் குறைவு, புரதமும் குறைவு. அடுத்து லோ கார்ப் பிரெட். அதில் முதல் பொருளே "வைட்டல் வீட் குளூட்டன்". கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் வெள்ளையாகக் கரைந்து போவது மாவுச்சத்து, கையில் ரப்பர் மாதிரி இழுபட்டு நிற்பது குளூட்டன். நின்றதை வைத்துத்தான் லோ கார்ப்காரர்கள் பிரெட் செய்கிறார்கள். குளூட்டன் ஆகாதவர்களுக்குச் செய்பவர்கள் ஸ்டார்ச்சை நம்பி இருக்கிறார்கள். எனக்கு இரண்டு கடையிலும் இடமில்லை.

முட்டை, மீன், இறைச்சி, சீஸ், கீரை, காலிஃபிளவர், கொட்டைகள் என்று பாக்கெட்டில் வராததைச் சாப்பிட்டவரை எனக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. ஆனால் மனசு கேட்கிறதா? பிரெட் வேண்டும் என்றது. பாதாம் மாவு, முட்டை, இசப்கோல் உமி போட்டு வீட்டில் சுட்டேன். முதல் ரொட்டி வெளியே கருப்பு, உள்ளே களி. இரண்டாவது அடுப்பில் நன்றாக எழும்பி, வெளியே எடுத்த ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் கத்திரிப்பூ நிறம். வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏம்மா, இதைச் சாப்பிடணுமா, சட்டைக்குச் சாயம் போடணுமா?" என்றார். சில கம்பெனி இசப்கோல் சுட்டால் அப்படித்தான் ஊதாவாகும், கெடுதல் ஒன்றுமில்லை, பிராண்டை மாற்றிப் பாருங்கள். உமியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள், பிசைந்ததைப் பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். பாதாம் மாவு சீக்கிரம் கருகும் என்பதால் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். பாதாம் மாவுக்குப் பதில் அதே அளவு தேங்காய் மாவைப் போடாதீர்கள், இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு மணல் மாதிரி உதிரும். மாவு வாங்கும்போதும் லேபிளைப் பாருங்கள், பாதாமில் குளூட்டன் கிடையாதுதான், ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்தால் என்ன பிரயோஜனம்?

லேபிள் படிப்பதில் நான் ஏமாந்த கதை தனி. மொத்த கார்போஹைட்ரேட்டில் நார்ச்சத்தைக் கழி என்று எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா, அதை நம்பி ஒரு கிராக்கருக்கு 18-ல் 12-ஐக் கழித்து 6 என்று கணக்குப்போட்டுத் தின்றேன். மீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. விஷயம் என்னவென்றால் அமெரிக்க முறை லேபிளில்தான் நார்ச்சத்து கார்போஹைட்ரேட்டுக்கு உள்ளே அடங்கும், ஐரோப்பிய முறையில் அதை ஏற்கனவே கழித்துவிட்டுத் தனி வரியாகப் போடுகிறார்கள். நான் இரண்டு முறை கழித்திருக்கிறேன். அந்த 18 நிஜமாகவே 18.

அப்புறம் "மால்" என்று தொடங்கும் மூன்று பெயர்கள். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி, குளூட்டன் உண்டு, தொடக்கூடாது. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெயரைப் பார்த்துப் பயந்தேன், அதில் குளூட்டன் பயம் அநேகமாக இல்லை, ஆனால் சர்க்கரையை அடித்துத் தூக்கும். மால்டிட்டால் சர்க்கரை இல்லாத சாக்லேட்டில் இனிப்புக்காகப் போடுவது. ஒரு ராத்திரி அரை பார் தின்றுவிட்டு வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, எங்கேயோ குளூட்டன் கலந்துவிட்டது என்று இரண்டு நாள் வீட்டில் இருந்த பொருளையெல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்த சாக்லேட்தான். சாப்பிட்டதை நோட்டில் எழுதும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

வெளியே சாப்பிடப் போனால் "குளூட்டன் இருக்கா?" என்று கேட்காதீர்கள். ஒரு ஓட்டலில் கேட்டதற்கு, "குளுக்கோஸ் எல்லாம் நாங்க சேர்க்கிறதில்லைங்க மேடம்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார் அந்தப் பையன். நம்பி ஆம்லெட் சாப்பிட்டேன், வழக்கத்துக்கு மேல் மெத்தென்று இருந்தது. இன்னொரு முறை சமையல்காரரையே பார்த்துக் கேட்டால், உப்பி வருவதற்கு மைதாக் கரைசல் ஒரு கரண்டி ஊற்றுவாராம். இப்போதெல்லாம் பொருளின் பெயரைச் சொல்லியே கேட்கிறேன்: மைதா கலக்கிறீர்களா, சோயா சாஸில் ஊறவைத்த கறியா, குழம்பு கெட்டியாவதற்கு என்ன போடுகிறீர்கள்? சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. குழம்பைக் கெட்டியாக்கும் மாவு எதுவானாலும் எனக்கு ஆகாது, மைதா என்றால் இரண்டு கணக்கிலும் தப்பு, சோள மாவு என்றால் ஒரு கணக்கில்.

லோ கார்ப் தொடங்கிய முதல் வாரத் தலைவலி உப்பும் தண்ணீரும் கூட்டியதும் போனது. மலச்சிக்கல் கீரையிலும் இசப்கோலிலும் சரியானது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.8-லிருந்து 6.1 ஆனது, ஹீமோகுளோபினும் ஒருவழியாக ஏறுகிறது.

ஆனால் சீலியாக் எதிர்ப்பொருள் அளவு ஒரு வருஷமாகியும் இன்னும் வரம்புக்குள் வரவில்லை. நிறைய இறங்கியிருக்கிறது, ஆனால் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகுமாம், இருந்தாலும் எங்கேயாவது துளித்துளியாகப் போகிறதா என்று தேடச் சொன்னார் டாக்டர். டோஸ்டர் எனக்குத் தனி, வெண்ணெய் டப்பா தனி. போன வாரம்தான் பார்த்தேன், வீட்டுக்காரர் தன் பாஸ்தாவை வடிகட்டும் அதே வடிகட்டியில்தான் நான் என் காலிஃபிளவரையும் வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டைகளை ஊசியால் குத்திப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் காய்ந்த மாவு. அதை அவருக்கே கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு சிவப்பு வடிகட்டி வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து.