மோயஸ் இருந்த பத்து மாதங்கள்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், அதாவது தகடு வெட்டும் ‘டை’ என்னும் அச்சுகளைச் செய்து பராமரிக்கும் பிரிவில், நான் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றில் பத்து மாதங்கள் மட்டும் அதன் ஃபோர்மேனாக இருந்தேன். டேவிட் மோயஸ் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு மேலாளராக இருந்ததும் ஏறத்தாழ அதே பத்து மாதங்கள்தான். தற்செயலாக அமைந்த இந்தப் பொருத்தத்தை, எங்கள் டூல் ரூமில் யுனைடெட் ரசிகர்கள் ஆறு பேர் இருந்த காரணத்தால், என்னால் ஒரு நாளும் மறக்க முடிந்ததில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பையன்களுக்குக் கால்பந்து ஊர் விளையாட்டு அன்று. எங்களுக்குக் கபடியும் கிரிக்கெட்டும்தான் தெரியும். 1999 மே மாதத்தில் பார்சிலோனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த சில நிமிடங்களில் விழுந்த இரண்டு கோல்களால் யுனைடெட் பயர்ன் அணியை வென்றதை, நள்ளிரவு கடந்து ஓர் அப்ரெண்டிஸ் விடுதியின் பதினான்கு அங்குலத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எங்களில் மூவர். மற்றவர்களை அந்த மூவர் சேர்த்தார்கள். பாகலூர் சாலையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இன்வெர்ட்டரை நம்பி, மின்வெட்டுக்கு நடுவே ஆட்டம் பார்த்த காலம் அது. காரிமங்கலத்துக்காரனான என்னையும் சேர்த்து எல்லோரையும் ஊர்ப்பெயரிட்டே அழைப்பது எங்கள் வழக்கம். மூத்த டை ஃபிட்டர் பென்னாகரத்தார். கடைசியாகச் சேர்ந்தவன் பாலக்கோட்டுத் தம்பி.

2013 மே 8 அன்று யுனைடெட்டின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வை அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பில் இருந்து, 13 லீக் பட்டங்கள் உட்பட 38 கோப்பைகளை வென்று, கடைசிப் பட்டத்தை 11 புள்ளி இடைவெளியில் எடுத்துவிட்டு அவர் விடைபெற்றார். மறுநாளே மோயஸின் பெயர் வெளியானது. விண்ணப்பம், நேர்முகம் என்று எதுவும் இல்லை. ஃபெர்குசன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, அடுத்த மேலாளர் நீதான் என்று சொல்லிவிட்டதாக மோயஸே பிறகு கூறியிருக்கிறார். ஆறு ஆண்டு ஒப்பந்தம். எவர்ட்டனில் பதினோரு ஆண்டுகள் குறைந்த பணத்தில் கட்டுக்கோப்பாக அணி நடத்தியவர், ஸ்காட்லாந்துக்காரர், கடும் உழைப்பாளி. ஆக, போகிறவரின் சாயலில் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதியில் எங்களுக்கும் பங்கு உண்டு.

எங்கள் பழைய ஃபோர்மேன் அந்த ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றார். தொழிற்சாலையின் முதல் பிரஸ் இறங்கிய நாளிலிருந்து இருந்தவர். நிர்வாகம் அவரிடமே யோசனை கேட்டது; அவர் என்னைக் காட்டினார். நானும் அவரைப் போலவே சீக்கிரம் வருபவன், அதிகம் பேசாதவன், அவரைப் போலவே கிரைண்டிங் பிரிவிலிருந்து எழுந்தவன். இந்தத் தகுதிகள் போதுமா என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூலை முதல் தேதி காலை என் லாக்கர் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் ஸ்டிரெட்ஃபோர்ட் எண்ட் பகுதியில் ரசிகர்கள் மோயஸின் படத்தோடு தொங்கவிட்ட ‘சோசன் ஒன்’ பதாகையின் வாசகம் அதற்குச் சில வாரங்களில் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்பே பாலக்கோட்டுத் தம்பி தமிழில் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று எழுதி ஒட்டியிருந்தான் என்பதை, அவன் பெருமைக்காக இங்கே பதிவு செய்கிறேன். அன்றே இன்னொன்றும் நடந்தது. முந்தின நாள் மாலைவரை என்னைத் ‘தம்பி’ என்று அழைத்த பென்னாகரத்தார், அன்று காலை ‘சார்’ என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

மோயஸ் முதலில் செய்த காரியம் ஃபெர்குசனோடு இருந்த பயிற்சியாளர்களை மாற்றியது. மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் ஆகியோர் போனார்கள். எவர்ட்டனிலிருந்து ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கிறிஸ் வுட்ஸ் வந்தார்கள். தம் ஆட்கள் தம்முடன் இருக்க வேண்டும் என்று எந்தப் புதிய மேலாளரும் நினைப்பார். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகி, எட் உட்வர்ட் அந்த இடத்துக்கு வந்திருந்தார். வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். பென்னாகரத்தாரையும் இன்னொரு மூத்த ஃபிட்டரையும் பிரஸ் லைனுக்கு டை செட்டர்களாக அனுப்பிவிட்டு, கிரைண்டிங்கில் என்னோடு இருந்த இருவரை டூல் ரூம் பெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். பழைய ஃபோர்மேன் ஒவ்வொரு டையின் குணத்தையும் குறித்து வைத்திருந்த நீளப் பேரேட்டை, பாதி தமிழிலும் பாதி அவருக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்திலுமாக இருந்ததால், பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கணினியில் புதிய அட்டவணை ஒன்றைத் தொடங்கினேன். காலை பத்தரை மணிக்கு மெஷின் பக்கத்திலேயே போண்டாவும் டீயும் வருவதைப் பாதுகாப்பு விதியைக் காட்டி நிறுத்தினேன். ஆட்டத்துக்கு முந்தைய இரவு வறுத்த உருளைக்கிழங்கு கூடாது என்று மோயஸ் தடுத்ததை அணி வீரர் ரியோ ஃபெர்டினான்ட் பின்னாளில் தம் நூலில் எழுதினார் என்று அறிந்தபோது, சிரிப்பு வருவதற்கு முன் எனக்குப் போண்டாதான் நினைவுக்கு வந்தது.

யுனைடெட்டின் அந்த சீசனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடையில் கேட்ட வீரர்கள் கிடைக்கவில்லை. எவர்ட்டன் வீரர் ஃபெலைனியை, அவரது ஒப்பந்தத்தில் இருந்த சலுகை விலை ஜூலை முடிவில் காலாவதியான பிறகு, வீரர்களை வாங்கும் கெடுவின் கடைசி நாளில் 2.75 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். டிசம்பர் 4 அன்று எவர்ட்டன் 1992-க்குப் பிறகு முதல் முறையாகவும், மூன்று நாள் கழித்து நியூகாசில் 1972-க்குப் பிறகு முதல் முறையாகவும் ஓல்ட் டிராஃபோர்டில் லீக் வெற்றி பெற்றன. மோயஸ் தம் பழைய அணியிடம் தம் புதிய மைதானத்தில் தோற்ற அந்த இரவில் எங்கள் மாடியில் ஒருவரும் பேசவில்லை. அணி முதுமை அடைந்திருந்தது என்பதும் உண்மை. மூத்த வீரர் ரயன் கிக்ஸுக்கு அந்த நவம்பரில் நாற்பது வயது நிறைந்தது.

ஆனால் 2014 பிப்ரவரி 9 ஞாயிறு இரவை அப்படிச் சுருக்க எனக்கு மனமில்லை. எதிரே பட்டியலின் கடைசியில் கிடந்த ஃபுல்ஹாம். அன்று யுனைடெட் 81 கிராஸ்கள் அடித்தது. பக்கவாட்டிலிருந்து கோல் முகத்துக்குப் பந்தைத் தூக்கி அனுப்புவது, தடுப்பு வீரர் தலையால் அடித்து வெளியே தள்ளுவது, மறுபடி தூக்கி அனுப்புவது. இரண்டு கோல் அடித்து முன்னிலை பெற்றும், கடைசி நிமிடத்தில் டேரன் பெண்ட் அடித்த கோலால் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அன்று ஃபுல்ஹாமின் பயிற்சியாளராக எதிர்ப்பக்கம் நின்றவர், மோயஸ் வந்ததும் வெளியேறிய அதே மியூலன்ஸ்டீன். முப்பதாவது கிராஸுக்குப் பிறகு பாலக்கோட்டுத் தம்பி சுவரில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினான். “இந்த ஆளுக்கு வேற எதுவுமே தெரியாதாண்ணா?” என்று அவன் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பென்னாகரத்தார் கவனித்தார்.

காரணம் இதுதான். அக்டோபரிலிருந்து கதவுக் கீல் தகடு வெட்டும் ஒரு டையில் தகட்டின் ஓரத்தில் பர் என்னும் உலோகப் பிசிறு வந்துகொண்டிருந்தது. டையில் தகட்டை வெட்டும் பாகமான பஞ்ச் மழுங்கினால் பர் வரும், தீட்டினால் போய்விடும். இது எந்த அப்ரெண்டிஸுக்கும் தெரிந்த பாடம். ஆகவே தீட்டினோம். இரண்டு நாளில் பர் மறுபடி வந்தது. மறுபடி தீட்டினோம். தீட்டத் தீட்டப் பஞ்ச் குட்டையாகும், அதன் ஆயுள் குறையும் என்று தெரிந்தும், நானும் என்னோடு வந்த இருவரும் கிரைண்டிங் பிரிவின் பிள்ளைகள் ஆகையால், எந்த நோய்க்கும் எங்கள் கையில் இருந்த மருந்து சாணைக்கல் ஒன்றுதான். பர் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே வருகிறது என்பதை நான் பார்க்காமல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பர் வந்தால் கோளாறு பஞ்சின் கூர்மையில் இல்லை, டையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் நேராகச் சேராததில் இருக்கிறது என்பதும் நான் படித்ததுதான். ஆனாலும் ஜனவரியில் வாடிக்கையாளர் இரண்டு முறை சரக்கைத் திருப்பி அனுப்பும்வரை தீட்டிக்கொண்டே இருந்தேன்.

அதே காலத்தில் எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு நியமனம் நடந்திருந்தது. 2013-இல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி., யுனைடெட்டின் இளையோர் அணியில் வளர்ந்த ஆஷ்லி வெஸ்ட்வுட்டைப் பயிற்சியாளராக்கியது. முதல் சீசனிலேயே, 2014 ஏப்ரல் 21 அன்று, ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்தது. அசோக் நகர் மைதானத்தில் அவர்களின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில், முன்னவர் என்று ஒருவர் இல்லாத நாற்காலி எவ்வளவு வசதியானது என்று நான் சொன்னேன். அது பொறாமையில் சொன்னது. வெஸ்ட்வுட்டின் திறமையைக் குறைத்ததற்கு இன்றும் வெட்கம் உண்டு.

அந்தப் பட்டத்துக்கு மறுநாள், ஏப்ரல் 22, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தின் கடைசி நாள். கேட்டுக்கு வெளியே ஒலிபெருக்கி வண்டிகள் கத்திக்கொண்டிருந்த மதிய உணவு வேளையில் மோயஸ் நீக்கப்பட்ட செய்தி வந்தது. இரண்டு நாளுக்கு முன் எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்று, சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு முடிந்திருந்தது. லீக்கில் 34 ஆட்டங்கள், ஏழாம் இடம். கேண்டீனில் ஒருவன் மேசையைத் தட்டினான். அடுத்த மாதத் தொடக்கத்தில் என்னையும் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு மாற்றினார்கள். லாக்கரைக் காலி செய்யப் போனபோது, கதவிலிருந்த காகிதத்தை யாரோ பசைத் தடம் தெரியாமல் முன்பே கிழித்து எடுத்திருந்தார்கள். கேலிக்கு எடுத்தார்களா, இரக்கத்தில் எடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

2023 ஜூன் 7 அன்று பாலக்கோட்டுத் தம்பியின் புதுமனை புகுவிழாவுக்காக ஓசூரில் மறுபடி எல்லோரும் கூடினோம். அவன்தான் இப்போது அந்த டூல் ரூமின் பொறுப்பாளர்; நான் வேறொரு சிறு நிறுவனத்தில் டை பராமரிப்பு பார்க்கிறேன், மோசமில்லை. அன்று நள்ளிரவில், பிராகாவில், வெஸ்ட் ஹாம் அணி ஃபியோரெண்டினாவை 2-1 என்று வென்று கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைப் பெற்றது. மேலாளர் மோயஸ். மைதானத்திலேயே அவர் தம் பதக்கத்தைக் கழற்றித் தம் வயதான தந்தையின் கழுத்தில் போட்டார்.

புது வீட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டு பழைய வழக்கை மறுபடி எடுத்தோம். வான் கால், மொரீன்யோ, சோல்ஷ்யார் என்று அத்தனை பேர் வந்து போயும் 2013-க்குப் பிறகு லீக் பட்டம் வரவில்லையே, அப்படியிருக்க மோயஸை மட்டும் திட்டியது நியாயமா என்றான் தம்பி. உட்வர்ட்தான் குற்றவாளி என்றார் அரூர்க்காரர். தமக்குப் பிறகு தம்மைப் போலவே ஒருவரைத் தேடியதால் ஃபெர்குசனுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னேன். அந்தக் கிளப்புக்கு அப்போது வேண்டியிருந்தது ஃபெர்குசனைப் போன்ற ஒருவரல்ல, ஃபெர்குசன் போன பின் என்ன இல்லாமல் போகும் என்று முதலில் கணக்கெடுக்கக்கூடிய ஒருவர் என்பது என் கருத்து. அந்தக் கணக்கு மியூலன்ஸ்டீன்களிடம் இருந்தது. பத்து ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். அன்று அதை ஒட்டியே பென்னாகரத்தாரிடம், அந்தக் கீல் டையில் என்னதான் கோளாறு, உங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சற்றுக் குறையாகவே கேட்டேன்.

“பிரஸ்ஸோட படுக்கை இடப்பக்கம் தேஞ்சிருந்தது தம்பி. அடியில மெல்லிசா ஒரு ஷிம் தகடு குடுத்தா நேரா உக்காந்துரும். நான் சொன்னேனே உங்ககிட்ட. தீபாவளி போனஸ் குடுத்த வாரம், டைம் ஆபீஸ் பக்கத்துல.”

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ‘தம்பி’ வந்ததைக் கேட்டதால், அவர் சொன்ன மற்றது காதில் ஏறச் சற்று நேரமானது. இல்லையே, சொல்லவில்லையே என்றேன். அவர் வாதாடவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து 2013-ஆம் ஆண்டு டைரியை எடுத்தேன். அக்டோபர் கடைசி வாரப் பக்கத்தில், என் கையெழுத்தில், ‘கீல் டை – இடப்பக்கம் ஷிம் – பென்னாகரத்தார்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, அதே பேனாவில், ‘பஞ்ச் தீட்டச் சொல்ல வேண்டும்’ என்று எழுதி, செய்து முடித்ததற்கு அடையாளமாக டிக் போட்டிருந்தேன்.