அம்மாவோட பருத்தித் துண்டும் பெத்லகேமும்

2019 நவம்பர்ல அம்மாவ கூட்டிட்டு எருசலேம் டூர் போனேன், அதப்பத்தி எழுதணும் எழுதணும்னு நினைச்சு இன்னைக்கு தான் உக்காந்திருக்கேன். அம்மா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, சர்வீஸ்ல பாதி பிரசவ வார்டுலயே போச்சு. ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு, அங்க நிறைய நடக்கணும்மான்னு சொன்னதுக்கு "நடக்க முடியலன்னா தவழ்ந்து வாறேன், நீ டிக்கெட்ட போடு"ன்னுட்டாங்க. தங்கச்சி அப்போ ஆறு மாசம் முழுகாம இருந்தா, அவள விட்டுட்டு கிளம்புறோமேன்னு ஒரு உறுத்தல் வேற.

எகிப்து, சீனாய் எல்லாம் பஸ் ஜன்னல் வழியா ஓடிருச்சு, அத விடுங்க. பெத்லகேமுக்கு வாறேன்.

இயேசு பிறந்த இடத்துல கட்டின கோவில் வெளிய இருந்து பாத்தா கோட்டை மாதிரி இருக்கு, வாசல் எங்கன்னு தேடணும். நாலு அடி உயரம் தான். சுவர உத்துப் பாத்தா முன்னாடி பெரிய வாசலா இருந்தது தெரியும், ஜஸ்டினியன்ங்கிற பழைய ரோம ராஜா காலத்து உத்தரக்கல் மேல அப்படியே இருக்கு, அதுக்கு கீழ சிலுவைப்போர்க்காரங்க கட்டின வளைவு, அதையும் அடைச்சு கடைசியா இந்த பொந்து. குதிரையோட கொள்ளைக்காரங்க உள்ள வந்துரக் கூடாதுன்னு சின்னதாக்கினாங்களாம், இப்ப அதுக்கு தாழ்மையின் வாசல்னு பேரு. அம்மா ஒரு கைய சுவர்ல ஊணி, ஒரு கையால என் தோளப் பிடிச்சு, "யேசப்பா"ன்னு முனகிக்கிட்டே குனிஞ்சு உள்ள போனாங்க, பின்னாடி நின்ன ரஷ்யாக்காரங்க கூட்டம் பொறுமையா காத்துக்கிட்டு நின்னுச்சு.

கீழ குகைக்கு படி இறங்கணும். பளிங்குத் தரையில 14 முனை வச்ச வெள்ளி நட்சத்திரம், கன்னி மரியாளிடத்தில் இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார்னு லத்தீன்ல, கூடவே 1717ன்னு வருஷம். அந்த பழைய நட்சத்திரம் 1847ல களவு போயி அதுக்காக பெரிய நாடுகளுக்குள்ள சண்டையே முத்திப்போச்சு, இப்ப இருக்கிறது 1853ல வச்சது. நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), கல்ல தொட்டு முத்தம் குடுக்கிறதெல்லாம் எங்களுக்கு பழக்கமில்ல, எனக்கு கொஞ்சம் கூச்சமா தான் இருந்துச்சு. அம்மாவுக்கு அதெல்லாம் இல்ல. ஆனா அவங்க நட்சத்திரத்துக்கிட்ட அவ்வளவா நிக்கல, எதுத்தாப்ல இருக்கிற முன்னணைக்கிட்ட போயிட்டாங்க. நம்ம ஊர் குடில்ல முன்னணைன்னா வைக்கோல் போட்ட அழகான மரத்தொட்டி, இங்க பாறையில ஒரு பள்ளம், அவ்வளவு தான். "மாடு தின்கிற இடத்துல பிள்ளைய போட்டிருக்காங்க பாரு, தொப்புள்கொடி அறுக்க என்ன இருந்துச்சோ, தண்ணி யாரு சுட வச்சாங்களோ"ன்னு வார்டுல நிக்கிற மாதிரியே பேசுறாங்க.

வெளிய வந்ததும் எங்க கைடு (உள்ளூர் அரபு கிறிஸ்தவர்) ஒண்ணு சொன்னார். எபிரேயத்துல பெத்லகேம்னா அப்பத்தின் வீடு, இது நமக்கு சண்டே ஸ்கூல்லயே தெரியும். ஆனா அரபில அதே ஊரு பெய்த் லஹ்ம், இறைச்சி வீடு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அப்பத்தின் வீடு, மாம்சத்தின் வீடு, பிள்ளைய கிடத்தினது தீனி போடுற தொட்டியில. "நான் கொடுக்கும் அப்பம் உலகத்தின் ஜீவனுக்காக நான் கொடுக்கும் என் மாம்சமே"ன்னு யோவான் சுவிசேஷம் 6ம் அதிகாரத்துல சொன்ன மனுஷன் வேற எந்த ஊர்ல பிறந்திருக்க முடியும்?

அங்க இருந்து எருசலேம் பத்து கிலோமீட்டர் கூட இருக்காது, நடுவுல பெரிய கான்கிரீட் சுவரும் செக்போஸ்ட்டும். பஸ் நின்னுக்கிட்டு இருந்த நேரத்துல எங்க ஐயர் (திருநெல்வேலிப் பக்கம் போதகர ஐயர்னு தான் சொல்லுவோம்) மைக்கப் பிடிச்சு பைபிள்ல எபிரெயர் நிருபம் 10ம் அதிகாரம் வாசிச்சார். "பலியையும் காணிக்கையையும் நீர் விரும்பவில்லை, ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்." இது 40ம் சங்கீதத்துல இருந்து எடுத்தது, ஆனா அங்க போய் பாத்தீங்கன்னா "என் செவிகளைத் திறந்தீர்"னு இருக்கும். எபிரெயர் நிருபம் எழுதினவர் பழைய கிரேக்க மொழிபெயர்ப்ப எடுத்திருக்கார், அதுல செவி இருக்கிற இடத்துல சரீரம். இயேசு உலகத்துல பிரவேசிக்கும்போதே இத சொல்றார்ங்கிறது தான் விஷயம்னார் ஐயர், அதாவது முன்னணையில கிடக்கும்போதே அந்த உடம்பு எதுக்குன்னு முடிவாயிருச்சு. எனக்கு இத்தனை வருஷமா கிறிஸ்மஸ் வேற புனித வெள்ளி வேற, ஒண்ணுக்கு புதுத்துணியும் கேக்கும், ஒண்ணுக்கு வெள்ளைச் சேலையும் மூணு மணி நேரம் சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தை பிரசங்கமும். ரெண்டுக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர் தான்னு பஸ்ல உக்காந்து தான் உறைக்குது. அந்தப் பக்கமா தானே நாப்பதாம் நாள் மரியாளும் பிள்ளைய தூக்கிட்டு எருசலேம் தேவாலயத்துக்கு போயிருப்பாங்க, பலிக்கு ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவங்க கொண்டு போற புறாவோட.

எருசலேம்ல இயேசுவோட கல்லறைன்னு சொல்ற இடத்துல இருக்கிற கல்லறை ஆலயத்துல சரியான கூட்டம். நுழைஞ்ச உடனே வலது பக்கம், சிலுவையில அறைஞ்ச இடமான கொல்கொதாவுக்கு செங்குத்தான படி, அம்மா நிமிந்து பாத்துட்டு "நீ போயிட்டு வா"ன்னுட்டாங்க. நான் மேல போய் வரிசையில நின்னு, பீடத்துக்கு அடியில முட்டி போட்டு, ஓட்டைக்குள்ள கைய விட்டு பாறைய தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. ஜெபம் பண்ண வார்த்தை வரல, அடுத்த ஆளு முதுகுல தட்டிட்டார்.

இறங்கி வந்தா அம்மா வாசலுக்கு எதுத்த கல்லு பக்கத்துல தரையில உக்காந்திருக்காங்க, முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. சிலுவையில இருந்து இறக்கி உடம்ப கிடத்தி நறுமணத் தைலம் பூசினதா சொல்ற கல்லு அது. அம்மா, இந்த பலகைக்கல் 1810ல போட்டது தான்னு நான் மேதாவி மாதிரி சொன்னேன். "கல்லு புதுசா இருந்தா என்ன, செத்தவங்கள சுத்துறது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணு தான்"னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "லூக்கா ரெண்டு இடத்துலயும் துணிய எழுதியிருக்கான் பாத்தியா. பிறந்தப்ப துணிகளில் சுற்றி, இங்க மெல்லிய துப்பட்டியிலே சுற்றி. ரெண்டு சுத்தும் நான் சுத்தியிருக்கேன் மக்கா. பிள்ளைக்கு கை கால் உதறாம இறுக்கணும், செத்தவங்களுக்கு உதறாது, ஆனாலும் அதே மாதிரி தான் இறுக்குவோம்."

சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் சால்வை, கைக்குட்டைன்னு கல்லுல விரிச்சு தேய்ச்சு எடுக்கிறாங்க. அம்மாவும் பையில இருந்து ஊர்ல வாங்கின புது பருத்தித் துண்ட எடுத்து விரிச்சாங்க, நீவி விட்டாங்க, நாலா மடிச்சு திரும்ப வச்சாங்க.

ஊருக்கு வந்து பீரோவுல நாப்தலின் உருண்டையோட வைக்கும்போது கேட்டேன், இது தங்கச்சி பிள்ளைக்கா, இல்ல உனக்கான்னு.

"எது முதல்ல வருதோ அதுக்கு"ன்னு சொல்லிட்டு கதவ சாத்திட்டாங்க.