அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு மாறப்போகிறவர்களுக்கு

அண்ணா பாரிஸிலிருந்து அனுப்பிய ஐபோனுக்கு மாறி இன்றோடு ஒரு கிழமை. படங்கள், தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் கூகுள் கணக்கைப் போட்டதும் வந்துவிட்டன. வட்ஸ்அப்தான் என்னை அழவைத்தது.

மாங்குளத்தில் ஒரு கடையில் போனைத் திறந்து தந்த தம்பி, "பக்அப் இருக்குத்தானே அக்கா, எல்லாம் வரும்" என்றார். வரவில்லை. அன்ட்ரொய்ட் வட்ஸ்அப்பின் பக்அப் கூகுள் கணக்கில் இருக்கும், ஐபோனில் வட்ஸ்அப் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட்டில்தான் தேடும், ஒன்றின் பக்அப்பை மற்றது எடுக்காது. அதற்குள்தான் அம்மம்மாவின் குரல் இருந்தது. "பிள்ளை, பாலைப்பழம் வந்திட்டுது, எப்ப வாறாய்?" 20 செக்கன்கூட இல்லை, பின்னால் கோழி கத்துகிற சத்தம். அவ போய் 2 வருடம்.

நல்லகாலம், பழைய போனை நான் விற்கவில்லை. ஐபோனை முழுதாக அழித்து, முதலிலிருந்து செட் பண்ணும்போதே பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைத் திறந்து அதில் வட்ஸ்அப்பைத் தெரிவுசெய்து, இரண்டையும் சாஜரில் போட்டு ஒரே வைஃபையில் வைத்திருக்க வேண்டும், இலக்கமும் பழையதாகவே இருக்க வேண்டும். முதல் தடவை இடையில் கரண்ட் போய் எல்லாம் அறுந்தது. இரண்டாம் தடவை முடிய இரவு 11 மணி.

மாறப்போகிறவர்கள் தயவுசெய்து எல்லாம் வந்து சேருமட்டும் பழைய போனை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், தமிழ் எழுத ஒன்றும் இறக்கத் தேவையில்லை, அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகைகள் இரண்டும் ஐபோனிலேயே இருக்கின்றன.

விடிய முதல் வேலையாக அம்மாவுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். திரும்பவும் போடச் சொன்னா.