ஒரு வால்வில் மட்டும் கூடிய இடைவெளி

என் வண்டியில் இருப்பது சாலிட் ரோலர் கேம் பொருத்திய வி8 எஞ்சின். கேம் என்பது முகடுகள் கொண்ட சுழலும் தண்டு. அதன்மேல் ரோலர் என்ற சிறு சக்கரத்தோடு உருளும் லிஃப்டர், புஷ்ராடு என்ற கம்பியைத் தள்ளும். அது ராக்கர் என்ற நெம்புகோல் வழியே வால்வைத் திறக்கும். வழக்கம்போல் டேப்பெட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை, சரிபார்த்தபோது, 16 வால்வுகளில் 15 வால்வுகள் நான் வைத்த 0.016 அங்குலத்திலேயே நின்றன. ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் 0.024 காட்டியது. சத்தத்தில் மாறுதல் எதுவும் இல்லை. இந்த வகை எஞ்சினில் டேப்பெட் எப்போதுமே தட்டிக்கொண்டிருக்கும். காதை நம்ப முடியாது.

ராக்கரின் பூட்டுத் திருகு இறுக்கமாகவே இருந்தது. புஷ்ராடும் வளையவில்லை. உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் தூள் ஆயிலில் வந்திருக்கும் என்று அடுத்து ஆயில் ஃபில்டரை வெட்டினேன். இதற்கு ஃபில்டர் கட்டர்தான் வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூளே உள்ளே விழுந்து குழப்பிவிடும். மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஆங்காங்கே மினுமினுத்தது. காந்தத்தைக் காட்டியதும் வந்து ஒட்டிக்கொண்டது. இரும்புதான்.

மேனிஃபோல்டைக் கழற்றி லிஃப்டர்களை வெளியே எடுத்தேன். மற்ற ரோலர்கள் விரலால் தள்ளியதும் வழுக்கிச் சுழன்றன. சந்தேகப்பட்ட ரோலரோ மணல் விழுந்ததுபோல் நறநறத்தது. மேலும் கீழும் ஆடியது. அதன் பரப்பில் அம்மைத் தழும்பாகக் குழிகள். அதற்கு நேரான கேம் முகட்டிலும் அதே குழிகள்.

காரணம் வால்வை மூடும் ஸ்பிரிங்கில் இருந்தது. 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு லிஃப்டரும் நொடிக்கு 50 முறை எழும்பி இறங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் ரோலர் கேமை விட்டு எகிறி, திரும்ப வந்து மோதும். அத்தனை அடியையும் வாங்குபவை ரோலருக்குள்ளே இருக்கும், ஊசி போன்ற மெல்லிய உருளைகளாலான நீடில் பேரிங்குகள். சோதனைக் கருவியில் வைத்தபோது அந்த வால்வின் ஸ்பிரிங் அழுத்தம் மற்றவற்றைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

கேம், 16 லிஃப்டர்கள், ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் மாற்றினேன். நீடில்களுக்குப் பதில் புஷ் என்ற வழவழப்பான உலோக வளையம் வைத்து, அழுத்தத்தோடு ஆயில் பாயும் ரோலர்களைத் தேர்ந்தெடுத்தேன். அது எளிய வேலை. உண்மையான பாடு சுத்தம் செய்வதில்தான். இரும்புத்தூள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்கியது. ஆயில் வழிகளின் அடைப்பான்களை எல்லாம் கழற்றி நீளத் தூரிகை விட்டுத் தேய்த்தேன். ஆயில் பம்பின் உட்சுவரில் கீறல்கள், பேரிங் ஷெல்களில் தூள் பதிந்த புள்ளிகள். இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆயில் கூலரைத் தூக்கி எறிந்தேன். அதன் உள்மடிப்புகளைக் கழுவிவிட்டேன் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஸ்டார்ட் செய்யும் முன் டிரில்லால் பம்பைச் சுழற்றி, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசியும்வரை காத்திருந்தேன். ஐடிலையும் சற்று உயர்த்தினேன். கேமுக்குத் தெறித்து வரும் ஆயில்தான் உயிர். குறைந்த வேகத்தில் அது போதாது. சிறிது ஓட்டியபின் ஃபில்டரை மறுபடி வெட்டினேன், காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. இப்போது எந்த வால்விலாவது இடைவெளி காரணமில்லாமல் கூடியிருந்தால், லிஃப்டரைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.